மாற்றுத்திறனாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் மனவடு ஆலோசனை: எல்லோருக்கும் எட்டும்படி வழங்க ஒரு முழுமையான வழிகாட்டி

மனவடு என்பது கொடிய அனுபவம் ஒன்று மனத்தில் விட்டுச்செல்லும் காயம். இந்த வழிகாட்டி மனநல ஆலோசகர்கள், உளவியலாளர்கள், சிறப்பாசிரியர்கள், சமூகப் பணியாளர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது. மாற்றுத்திறனாளி ஒருவர் உள்ள வீட்டினரும் படிக்கலாம். ஆலோசகரிடம் எதையெல்லாம் உரிமையோடு கேட்கலாம் என்பது தெரியவரும். இதில் உள்ள எல்லாப் படிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஆலோசனை, பாதிக்கப்பட்டவருடையது, அவரை அழைத்து வந்தவருடையது அல்ல. நடைமுறையில் இது தலைகீழாகவே இருக்கிறது. சக்கர நாற்காலியில் வந்தவரை விட்டுவிட்டு, அதைத் தள்ளி வந்த அண்ணனிடம் "இவருக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்கிறார்கள். காது கேளாத பெண்ணின் கதையை அவருடைய அம்மாவின் வாயால் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். அந்த இடத்திலேயே பாதி ஆலோசனை தோற்றுவிடுகிறது.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். குறைபாடு உள்ள குழந்தைகள் மற்ற குழந்தைகளைவிட 3.7 மடங்கு அதிகமாக வன்முறைக்கு ஆளாகிறார்கள் என்று 2012இல் வெளியான பன்னாட்டு ஆய்வுத் தொகுப்பு ஒன்று கண்டறிந்தது. இதற்குக் காரணம் குறைபாடு அல்ல. குளிப்பாட்டவும் உடை மாற்றவும் பிறரை நம்பியிருக்க வேண்டிய நிலை, நடந்ததைச் சொல்ல வழியில்லாத நிலை, சொன்னாலும் நம்பப்படாத நிலை ஆகியவைதான் காரணம்.

மனவடு என்றதும் பாலியல் வன்முறையும் விபத்தும் மட்டும் நினைவுக்கு வருகின்றன. இவர்கள் வாழ்வில் அதன் ஊற்றுகள் இன்னும் பல. சிறுவயதிலிருந்து அடுக்கடுக்காக நடந்த அறுவை சிகிச்சைகள், கையைக் காலைப் பிடித்து அமுக்கிச் செய்யப்பட்ட பரிசோதனைகள், விடுதியில் விழுந்த அடி, வகுப்பில் தினமும் கேட்ட பட்டப்பெயர், உறவினர் வீட்டு விசேஷத்தின்போது அறைக்குள் வைத்துப் பூட்டப்பட்ட நாட்கள் என்று நீள்கிறது அது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகை எரிந்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று 95ஆவது பிரிவில் தடை செய்தது. ஆனாலும், கட்டிவைக்கப்பட்ட அனுபவம் உள்ளவர்கள் இன்றும் நம்மிடம் வருகிறார்கள். அவர்களுடைய கோப்பில் "ஆக்ரோஷமான நடத்தை" என்று மட்டுமே எழுதப்பட்டிருக்கும்.

படி 1: முதல் அழைப்பிலேயே தேவையைக் கேளுங்கள்

பெரும்பாலான மையங்களில் நேரம் வாங்க ஒரே வழி தொலைபேசிதான். காது கேளாதவருக்கும் பேச்சு வராதவருக்கும் கதவு அங்கேயே மூடிவிடுகிறது. வாட்ஸ்அப் செய்தி, குறுஞ்செய்தி, சைகை மொழியில் பேச வீடியோ அழைப்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். செலவு ஒன்றும் இல்லை. பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பதிவுப் படிவத்தில் "என்ன குறைபாடு, எத்தனை சதவீதம்" என்று கேட்பதைவிட, "இங்கே வந்து வசதியாகப் பேச உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்பது பயன் தரும். எப்படிப் பேசுவது எளிது, எந்த நேரத்தில் உடல் நன்றாக இருக்கும், மருந்து எப்போது தூக்கம் தருகிறது, யாரோடு வர விருப்பம், யார் அறையில் இருக்கக் கூடாது என்றெல்லாம் கேளுங்கள். கடைசிக் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். அதற்கான பதிலை, உடன் வருபவர் பார்க்க முடியாத வழியில் பெறுங்கள்.

பயண நேரத்தையும் கணக்கில் எடுங்கள். தாழ்தளப் பேருந்துக்காகக் காத்திருந்து, இரண்டு வண்டி மாறி வருபவர் அரை மணி நேரம் தாமதமானால் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதக் கூடாது.

படி 2: அறையைத் தயார் செய்யுங்கள்

சாய்வுதளம் ஒன்று கட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கும் மையங்கள் நிறைய. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் இல்லாத சாய்வுதளம் ஆபத்தானது. கதவின் அகலம் 90 சென்டிமீட்டர், சக்கர நாற்காலி திரும்ப 150 சென்டிமீட்டர் இடம், உள்ளே போய்க் கதவை மூடக்கூடிய கழிப்பறை ஆகியவை தேவை. தண்டுவடக் காயம் உள்ளவர் கழிப்பறை இல்லாத இடத்துக்கு வருவதற்காகக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார். அந்த உடல்நிலையில் அவரால் மனத்தைத் திறக்க முடியாது.

கட்டடத்தை மாற்ற முடியாதவர்கள் தரைத்தளத்தில் ஓர் அறையையாவது ஒதுக்குங்கள், அல்லது வீட்டுக்குச் செல்லுங்கள். வீட்டுக்குச் சென்றால் தனிமை கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். பக்கத்து அறையில் மாமியார் இருக்கும்போது நடக்கும் பேச்சு ஆலோசனை ஆகாது.

மற்றவை சிறியவை, ஆனால் முக்கியமானவை. வெளியே போகும் வழி கண்ணில் படும்படி உட்காரவையுங்கள். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவர் முன் சன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள். உங்கள் முகம் நிழலில் மறைந்துவிடும். சிமிட்டும் டியூப்லைட்டும் கடகடக்கும் மின்விசிறியும் ஆட்டிசம் உள்ள ஒருவருக்குத் தாங்க முடியாத வேதனையாக இருக்கலாம். பார்வையற்றவர் வந்தால், அறையில் யார் யார் இருக்கிறார்கள், கதவு எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். நீங்கள் எழுந்தாலும் சொல்லிவிட்டு எழுங்கள். சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் அவருடைய உடலின் பகுதி. கேட்காமல் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள். தன் உடல்மீது உரிமையே இல்லை என்று கற்பிக்கப்பட்டவருக்கு, "தொடலாமா?" என்று கேட்கும் ஒருவரைச் சந்திப்பதே சிகிச்சையின் தொடக்கம்.

படி 3: அவருடைய மொழிக்கு நீங்கள் வாருங்கள்

மற்ற படிகள் எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன. குடும்பத்தினரை மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். அன்பானவர்களாக இருந்தாலும் வேண்டாம். அம்மா முன்னிலையில் மகள் சொல்லத் தயங்குவது ஒரு காரணம். அம்மா வலி தாங்காமல் பாதியை விழுங்கிவிடுவது இன்னொன்று. தவறிழைத்தவர் அதே வீட்டில் இருக்கலாம் என்பது மிகப் பெரிய காரணம்.

காது கேளாதவர்களுக்குப் பயிற்சி பெற்ற இந்தியச் சைகை மொழிபெயர்ப்பாளர் தேவை. அவரைத் தேர்வு செய்யும்போது பாலினத்தைப் பாருங்கள். காது கேளாதோர் சமூகம் சிறியது; ஒரு மாவட்டத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஆகவே பெயரைச் சொல்லி, "இவர் வரலாமா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். அறையில் மொழிபெயர்ப்பாளர் உங்களுக்குப் பக்கத்தில், சற்றுப் பின்னால் உட்காரட்டும். அப்போதுதான் வந்தவரால் இருவர் முகத்தையும் பார்க்க முடியும். நீங்கள் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து "அவரிடம் கேளுங்கள்" என்று சொல்லாமல், வந்தவரைப் பார்த்தே பேசுங்கள். வழக்கமான நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஒதுக்குங்கள். அமர்வுக்கு முன் பத்து நிமிடம் பேசி, எந்த விஷயம் வரக்கூடும் என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லிவையுங்கள். முடிந்த பிறகும் அவரோடு பேசுங்கள். "நான்" என்ற இடத்தில் நின்று அந்தக் கொடுமையைத் தன் கைகளால் சொன்னவர் அவர். அவரையும் அது தாக்கும்.

பள்ளிக்கே போகாத, முறையான சைகை மொழி தெரியாத, வீட்டுச் சைகைகள் மட்டுமே உள்ள காது கேளாதவர்கள் கிராமங்களில் அதிகம். அங்கே காதுகேட்கும் மொழிபெயர்ப்பாளர் மட்டும் போதாது. காது கேளாத ஒருவரையே இடையில் வைத்து, அவர் வீட்டுச் சைகையை உள்வாங்கிச் சைகை மொழிக்கு மாற்ற, அதைக் காதுகேட்பவர் தமிழில் சொல்லும் முறை நல்ல பலன் தருகிறது. மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும்.

பேச்சு வராதவர்களுக்குப் படப் பலகைகளும் செயலிகளும் உண்டு. சென்னையில் உருவான ஆவாஸ் என்ற செயலி உலகின் பல நாடுகளில் பயன்படுகிறது. பலகையில் என்ன சொற்கள் இருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலான பலகைகளில் சோறு, தண்ணீர், கழிப்பறை, டிவி ஆகியவை இருக்கும். மார்பு, பிறப்புறுப்பு, வலிக்கிறது, பயமாக இருக்கிறது, நிறுத்து, ரகசியம், அடித்தார் ஆகியவை இருக்காது. பலகையில் சொல் இல்லை என்றால் அவரால் நடந்ததைச் சொல்லவே முடியாது. குற்றம் செய்பவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை. எனவே ஆலோசனை தொடங்கும் முன்பே, பேச்சுப் பயிற்சியாளரோடு சேர்ந்து இந்தச் சொற்களைப் பலகையில் சேருங்கள். சம்பவத்துக்குப் பிறகு அவசரமாகச் சேர்த்தால், "நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்கள்" என்று நீதிமன்றத்தில் கேள்வி எழும். சிறப்புப் பள்ளிகள் இதை எல்லாக் குழந்தைகளுக்கும் பாடமாகவே வைக்க வேண்டும்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் குறும் வாக்கியங்களில், ஒரு நேரத்தில் ஒரு கேள்வியாகக் கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள், மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். "ஆமாம்" என்று சொல்வதை ஒப்புதல் என்று உடனே எடுத்துக்கொள்ளாதீர்கள். வாழ்நாள் முழுக்கப் பெரியவர்களுக்கு ஆமாம் போட்டே பிழைத்தவர் எதற்கும் ஆமாம் என்பார். சற்று நேரம் கழித்து அதே விஷயத்தை எதிர்மாறாக மாற்றிக் கேட்டுப் பாருங்கள். அதற்கும் ஆமாம் வந்தால், உங்கள் கேள்வி சரியில்லை என்று பொருள்.

படி 4: சம்மதமும் ரகசியமும்

"இவனுக்கு ஒன்றும் புரியாது, நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்று பெற்றோர் சொல்லலாம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, பேச்சு, முகபாவம், சைகை அல்லது வேறெந்த வழியிலும் முடிவைத் தெரிவிப்பதை ஏற்கிறது. தகவலை எளிய மொழியிலோ சைகை மொழியிலோ படங்களின் மூலமோ சொல்ல வேண்டும் என்றும் கூறுகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாவலர் நியமிக்கப்பட்டிருந்தாலும், ஆலோசனைக்கு வந்தவரின் விருப்பத்தைக் கேட்கும் கடமை நமக்கு இருக்கிறது.

சம்மதப் படிவத்தைப் படங்களோடு ஒரு பக்கத்தில் தயாரியுங்கள். நான் யார், இங்கே என்ன செய்வோம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், நீங்கள் சொல்வதை யாரிடம் சொல்வேன், யாரிடம் சொல்லமாட்டேன் என்பவை போதும். நிறுத்தச் சொல்ல ஓர் அடையாளத்தை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்: கை உயர்த்துவது, சிவப்பு அட்டை, மேசையைத் தட்டுவது, எதுவானாலும் சரி. முதல் அமர்விலேயே அதை ஒருமுறை பயன்படுத்தச் சொல்லி, பயன்படுத்தியதும் உண்மையிலேயே நிறுத்திக் காட்டுங்கள். "சொன்னதைச் செய்" என்ற பயிற்சியிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு, தங்கள் மறுப்பு செல்லுபடியாகும் என்று தெரியும் முதல் இடம் இதுவாக இருக்கலாம்.

ரகசியத்தின் எல்லையையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 18 வயதுக்குட்பட்டவருக்குப் பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு சொன்னால், அந்தக் குழந்தை இனி எந்தப் பெரியவரையும் நம்பாது.

படி 5: மாற்றத்தைக் குறைபாட்டின் கணக்கில் எழுதாதீர்கள்

இந்தத் துறையில் அதிகம் நடக்கும் பிழை இது. ஆட்டிசம் உள்ள இளைஞர் திடீரெனத் தலையைச் சுவரில் முட்டுகிறார். "ஆட்டிசம் அப்படித்தான்" என்று மருந்தைக் கூட்டுகிறார்கள். டவுன் நோய்க்குறி உள்ள பெண் குளிக்க மறுக்கிறார், "பிடிவாதம்" என்கிறார்கள். எப்போதிலிருந்து என்று யாரும் கேட்பதில்லை.

அதைத்தான் முதலில் கேளுங்கள். ஒரு நாட்காட்டியை எடுத்து, மாற்றம் தொடங்கிய மாதத்தைக் குறியுங்கள். அந்த மாதத்தில் என்ன மாறியது? புதிய வேன் ஓட்டுநர், புதிய பயிற்சியாளர், ஊரிலிருந்து வந்து தங்கிய உறவினர், இறந்துபோன பாட்டி, மாறிய வகுப்பு. தூக்கம், உணவு, கழிப்பறைப் பழக்கம், ஏற்கெனவே கற்ற திறன்களை இழத்தல், குறிப்பிட்ட ஆளையோ அறையையோ வாசனையையோ கண்டு நடுங்குதல், பொம்மையோடு விளையாடும்போது ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருதல் ஆகியவற்றைத் தேதியோடு எழுதுங்கள். வீட்டினர் மட்டுமல்ல, பள்ளி ஆசிரியரும் ஆயாவும் பார்த்ததையும் கேளுங்கள்.

அதே வேளையில் உடல் காரணங்களை மருத்துவரிடம் சரிபாருங்கள். பல் வலி, காது வலி, மலச்சிக்கல், தைராய்டு, வலிப்பு, மருந்தின் பக்கவிளைவு ஆகியவற்றைச் சொல்லத் தெரியாதவர் நடத்தையால்தான் சொல்வார். எல்லாவற்றையும் மனவடு என்று எடுத்துக்கொள்வதும் பிழைதான்.

தண்டுவடக் காயம் உள்ளவர்களோடு பணியாற்றுபவர்கள் ஓர் ஆபத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ காயம்பட்டவருக்கு, சிறுநீர்ப்பை நிரம்பினாலோ சிறுநீர்க் குழாய் மடங்கினாலோ இரத்த அழுத்தம் திடீரென ஏறலாம். இடிக்கும் தலைவலி, முகச் சிவப்பு, வியர்வை, பதற்றம் ஆகியவற்றைப் பார்த்துப் பயத் தாக்குதல் என்று நினைத்து மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொண்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. படுக்கவைக்காமல் நிமிர்ந்து உட்காரவையுங்கள், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள், குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள், உடனே மருத்துவ உதவிக்கு 108ஐ அழையுங்கள்.

படி 6: இப்போது பாதுகாப்பாக இருக்கிறாரா?

வன்முறை இன்னும் தொடர்கிறது என்றால் சிகிச்சை முறைகளைப் பற்றி யோசிக்கும் நேரம் அதுவல்ல. இன்றிரவு எங்கே தூங்குவார், யார் உணவு தருவார், மருந்தும் சக்கர நாற்காலியும் அடையாள அட்டையும் யார் கையில் இருக்கின்றன என்று கேளுங்கள். மாற்றுத்திறனாளியைக் கட்டுப்படுத்த அடிக்க வேண்டியதில்லை; நாற்காலியை எட்டாத தூரத்தில் வைத்தாலே போதும். இதுவும் வன்முறைதான்.

சொல்லத் தொடங்கினால் கேளுங்கள்; துருவாதீர்கள். "அவர்தான் செய்தாரா?" என்று பெயரை நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள். அவர் சொன்ன சொல்லை, காட்டிய சைகையை, அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். "நான் நம்புகிறேன். இது உன் தவறல்ல" என்று சொல்லுங்கள். விசாரணை காவல்துறையின் வேலை.

2018இல் சென்னை அயனாவரத்தில் செவித்திறன் குறைந்த சிறுமி ஒருவர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஊழியர்கள் பலரால் மாதக்கணக்கில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானது வெளிவந்தது. 2020 பிப்ரவரியில் 15 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. செவித்திறன் குறைந்த குழந்தையின் சாட்சியம் நிற்காது என்று சொல்பவர்களிடம் இந்த வழக்கைச் சுட்டிக்காட்டுங்கள்.

சட்டம் தரும் வசதிகளைக் குடும்பத்துக்கு எளிமையாக விளக்குங்கள். பாலியல் குற்றத்துக்கு ஆளான மாற்றுத்திறனாளியின் புகாரை அவருடைய வீட்டிலோ அவருக்கு வசதியான இடத்திலோ, மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பாசிரியர் முன்னிலையில், வீடியோ பதிவோடு வாங்க வேண்டும் என்கிறது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு. குழந்தைகளுக்குப் போக்சோ சட்டத்தின் 26ஆவது பிரிவு இதேபோன்ற உதவியைத் தருகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 7ஆவது பிரிவின்படி, கொடுமை நடப்பதை அறிந்த எவரும் நிர்வாக நடுவரிடம் (கோட்டாட்சியர், வட்டாட்சியர் போன்றவர்) தகவல் தரலாம். மாற்றுத்திறனாளிகள் வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞரைப் பெற முடியும். இன்னொன்று: போக்சோவில் வயது என்பது உடலின் வயதுதான், மனவளர்ச்சி வயது அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. 18 வயதைக் கடந்த, அறிவுசார் குறைபாடு உள்ள பெண்ணின் வழக்கு, பொதுவான குற்றவியல் சட்டத்தின் கீழ் நடக்கும்.

படி 7: அமைதிப்படுத்தும் பயிற்சிகளை உடலுக்கேற்ப மாற்றுங்கள்

நினைவுகளைத் தொடும் முன் உடல் அமைதியடையக் கற்க வேண்டும். ஆனால் நமக்குக் கற்பிக்கப்பட்ட பயிற்சிகள் எல்லாம் பார்க்கும், கேட்கும், நடக்கும், பேசும் உடலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

"கண்களை மூடிக்கொள்ளுங்கள்" என்று காது கேளாதவரிடம் சொன்னால், அவருக்கும் உலகத்துக்கும் உள்ள முக்கியமான தொடர்பை அறுக்கிறீர்கள். பயம் கூடும். கண் திறந்தபடியே, தரையில் பதிந்த பாதத்தையும் கையில் பிடித்த கல்லின் குளிர்ச்சியையும் உணரும் பயிற்சியைக் கொடுங்கள். பார்வையற்றவரிடம் "சுற்றிலும் தெரியும் ஐந்து பொருட்களைச் சொல்லுங்கள்" என்று கேட்க முடியாது. ஐந்து ஒலிகள், நான்கு தொடுதல்கள், ஒரு வாசனை என்று மாற்றுங்கள். பாதுகாப்பான இடத்தைக் கற்பனை செய்யச் சொல்லும்போதும் காட்சியை விட்டுவிட்டு, அடுக்களை வாசம், ஊஞ்சல் சங்கிலியின் ஒலி, பாட்டியின் புடவைத் துணி என்று போகலாம்.

தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி மூளை முடக்குவாதம் உள்ளவருக்கு விறைப்பையும் வலியையும் தூண்டக்கூடும். அதற்குப் பதில் ஆதரவான இருக்கை, வெதுவெதுப்பான துணி, மெல்லிய தாளம். எது பொருந்தும் என்று இயன்முறை மருத்துவரைக் கேளுங்கள். கழுத்துப் பகுதியில் காயம்பட்டவரின் மூச்சுத் திறனே குறைந்திருக்கும். "ஆழமாக மூச்சை இழுங்கள்" என்பது அவருக்கு மூச்சுத்திணறிய மருத்துவமனை நாட்களை நினைவூட்டலாம். முணுமுணுப்பது, விருப்பமான பாட்டைக் கேட்பது, முகத்தில் குளிர்ந்த துணி வைப்பது என வேறு வழிகளைத் தேடுங்கள்.

ஆட்டிசம் உள்ளவர் கையை உதறினாலும் முன்னும் பின்னும் ஆடினாலும் தடுக்காதீர்கள். அது அவர் தாமாகவே கண்டுபிடித்த அமைதிப் பயிற்சி. கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லாதீர்கள். "மனசு கனமாக இருக்கிறதா?" போன்ற உருவகங்கள் அவரைக் குழப்பும். "வயிறு இறுகுகிறதா? கை நடுங்குகிறதா?" என்று கேளுங்கள். அடுத்து என்ன நடக்கும் என்பதை அமர்வின் தொடக்கத்திலேயே படங்களாக வரிசைப்படுத்திக் காட்டிவிட்டால் பாதிப் பதற்றம் குறைந்துவிடும்.

படி 8: நினைவோடு பணியாற்றுதல்

நடந்ததை விரிவாகச் சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. விரும்புபவர்களுக்கு வழிகள் பல. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களோடு புகைப்படங்கள் ஒட்டிய வாழ்க்கைக் கதைப் புத்தகம் ஒன்றைச் செய்யலாம். கெட்டது நடந்தது ஒரு பக்கம்தான், அதற்கு முன்னும் பின்னும் வேறு பக்கங்கள் உள்ளன என்பது கையில் பிடித்துப் புரட்டும்போது புரிகிறது. உடல் வரைபடத்தில் நிறம் தீட்டுதல், களிமண், பொம்மைகள், அசைவு ஆகியவையும் உதவும். இருபது முப்பது நிமிட அமர்வுகள் போதும். ஆனால் பல அமர்வுகள் தேவைப்படும். அதிர்ச்சியை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் (எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் முறை), கண்ணசைவு வழிச் சிகிச்சையும் (நினைவை மனத்தில் நிறுத்தியபடி கண்களை இருபுறமும் அசைக்கும் முறை) முறையாகப் பயிற்சி பெற்றவர்கள் மட்டும் செய்ய வேண்டியவை. கண்ணசைவுக்குப் பதில் இரு கைகளிலும் மாறி மாறித் தட்டுவது, இரு காதுகளில் மாறி மாறி ஒலி எழுப்புவது என்ற மாற்றங்கள் பார்வையற்றவர்களுக்குப் பயன்படுகின்றன.

விபத்தில் திடீரென உடல் செயலிழந்தவரின் துயரம் வேறு வகையானது. இழந்த வேலை, மற்றவர் கையால் கழிக்க வேண்டிய மலம், மனைவியோடு இனி எப்படி என்ற கேள்வி. கடைசிக் கேள்வியை அவர் கேட்கமாட்டார். நீங்கள்தான் மெல்லத் தொடங்க வேண்டும். தண்டுவடக் காயத்தோடு பத்தாண்டு வாழ்ந்துவிட்ட ஒருவரின் ஒரு மணி நேரப் பேச்சு, நம் பல அமர்வுகளுக்குச் சமம். வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தெடுத்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த சாலை விபத்துக்குப் பின் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். உங்கள் மையத்திலும் மாற்றுத்திறனாளிகளையே சக ஆலோசகர்களாகப் பயிற்றுவித்து, ஊதியத்தோடு அமர்த்துங்கள்.

படி 9: குடும்பத்துக்குத் தனி நேரம், முடிந்தால் தனி ஆலோசகர்

குடும்பத்தினரை அறையிலிருந்து வெளியே அனுப்புவதோடு நம் பொறுப்பு தீராது. அவர்களுக்கும் வடு உண்டு. மருத்துவமனை நடைபாதையில், நின்றபடியே, இரண்டு நிமிடத்தில் "உங்கள் குழந்தை நடக்காது" என்று சொல்லப்பட்ட தாய் அந்த நொடியிலேயே உறைந்திருக்கலாம். "முற்பிறவிப் பாவம்" என்று உறவினர் சொன்னதைப் பல ஆண்டுகளாகச் சுமப்பார். வன்முறை நடந்திருந்தால் "நான் வேலைக்குப் போகாமல் இருந்திருக்கலாமே" என்ற குற்ற உணர்வும் சேரும்.

தாய்க்கு ஆறுதல் மட்டும் போதாது, தூக்கமும் வேண்டும். வாரத்தில் சில மணி நேரம் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று சேர்ந்து திட்டமிடுங்கள். தந்தையர் அமர்வுக்கு வரமாட்டார்கள் என்று கைவிடாதீர்கள். அவருடைய வேலை நேரத்துக்குப் பிறகு தொலைபேசியில் பேசுங்கள். உடன்பிறந்த பிள்ளைகளை யாரும் கேட்பதே இல்லை. நல்ல பிள்ளையாக, தொல்லை தராத பிள்ளையாக இருந்து இருந்து அவர்களுக்கு அழவே தெரியாமல் போகிறது. அவர்களுக்கென்று ஓர் அமர்வு ஒதுக்குங்கள்.

"எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?" என்பது எல்லாப் பெற்றோரின் கேள்வி. ஆறுதல் வார்த்தையால் இதை மூடாதீர்கள். பாதுகாவலர் நியமனம், தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு, தமிழ்நாடு அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை ஆகியவற்றின் விண்ணப்பங்களை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பெற உதவுங்கள். நிரப்பிய ஒரு விண்ணப்பம் தரும் நிம்மதியைப் பேச்சு தருவதில்லை.

பிள்ளை உங்களிடம் சொன்னதைப் பெற்றோர் கேட்டால், பிள்ளையின் அனுமதி உள்ளதை மட்டும் சொல்லுங்கள். "அவள் நன்றாக ஒத்துழைக்கிறாள். இரவில் விளக்கை அணைக்க வேண்டாம் என்று உங்களிடம் சொல்லச் சொன்னாள்" என்பது போதுமானது.

படி 10: எங்கே அனுப்புவது

அவசர மன நெருக்கடிக்கு அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, காவல்துறைக்கு 112. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு மாவட்டந்தோறும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் உள்ளன. மனநல மருத்துவர் தேவைப்பட்டால் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டக் குழுவை அணுகலாம். பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சென்னை அருகே முட்டுக்காட்டில் தேசிய நிறுவனம் இயங்குகிறது. எண்ணைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். வந்தவரின் அனுமதியோடு நீங்களே அழைத்து, அங்கே சாய்வுதளம் உண்டா, சைகை மொழி தெரிந்தவர் உண்டா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

படி 11: அமர்வுகளை முடித்தல்

மாற்றுத்திறனாளிகளின் வாழ்வில் ஆட்கள் சொல்லாமல் மறைகிறார்கள். பயிற்சியாளர் மாறுவார், ஆயா நின்றுவிடுவார், தன்னார்வலருக்கு வேலை கிடைத்துவிடும். நீங்களும் அப்படி மறைந்தால் பழைய காயம் மறுபடி கிழியும். குறைந்தது நான்கு அமர்வுகளுக்கு முன்பே நாட்காட்டியில் கடைசி நாளைக் குறித்து, ஒவ்வொரு முறையும் அவரே ஒரு கட்டத்தை அடிக்கட்டும். கற்ற பயிற்சிகளை அவருக்கேற்ற வடிவில் கொடுத்தனுப்புங்கள்: சிலருக்குப் பட அட்டைகள், சிலருக்குச் சைகை மொழி வீடியோ, சிலருக்கு உங்கள் குரல் பதிவு, சிலருக்கு பிரெயில் தாள். அதன் ஒரு பிரதியை யாரிடம் கொடுக்கலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள். மூன்று மாதம் கழித்து நீங்கள் அனுப்பப்போகும் செய்தியின் தேதியையும், அவர் விரும்பும் வழியையும், அன்றே இருவரும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.